மேட்சிங் அக்காவும் ஒரு லுங்கியும்

தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் போய் வருகிற மின்சார ரயிலில் தினமும் ஏறி இறங்கும் ஜனத்தொகையில், எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்காமல் அவருடைய ஜாதகத்தையே சொல்லிவிடக்கூடிய ஒரே பிறவி எங்கள் மேட்சிங் அக்காதான். முகம் அவர் கண்ணில் படாது. துணி மட்டும்தான் படும். துப்பட்டாவின் ஓரத்தைப் பார்த்தே எந்தக் கடையில் எடுத்தது, எத்தனை முறை துவைத்தது, மாடியில் காய்ந்ததா, அறைக்குள் கட்டிய கொடியில் காய்ந்ததா என்பது வரை சொல்லிவிடுவார்.

இது பெரிய திறமை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரே அறையில் இரண்டு வருடம் கூடவே இருந்த எனக்கு இதனால் நேர்ந்தது அவமானம். புதுச் சுடிதார் போட்டுக்கொண்டு தெருவில் எதிரே வந்தால் அக்கா என்னைக் கடந்து போய்விடுவார். கையைப் பிடித்து நிறுத்தினால், "யாருங்க வேணும்?" என்று மரியாதையாகக் கேட்பார். சாயங்காலம் அறையில் என் பழைய கொடிப்பூ நைட்டிக்கு மாறியதும், "அடடே, எப்ப வந்த?" என்று வாய் நிறைய விசாரிப்பார்.

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மூன்று மாடி லேடீஸ் ஹாஸ்டல். வேலைக்குப் போகும் பெண்கள் நாற்பது பேர். எங்கள் அறையில் முதலில் நானும் ஜெனிஃபரும் மட்டும் இருந்தோம். ஜெனிஃபர் நர்ஸ், நான் கிண்டியில் ஒரு அலுவலகத்தில் கடிதங்களுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். மூன்றாவது கட்டிலுக்கு வந்தவர்தான் அக்கா. முப்பத்தைந்து வயது இருக்கும். நல்ல உயரம். கொண்டையில் ஊசிக்குப் பதில் பென்சில். கழுத்தில் சங்கிலிக்குப் பதில், நூலை எண்ணிப் பார்க்கிற சின்ன லென்ஸ். சொந்தத் துணிமணி ஒரு பெட்டி; மற்றவர்களின் துணித் துண்டுகள் இரண்டு கோணிப்பை.

வார்டன் மேடம் ரிஜிஸ்டரைத் திறந்து என்ன வேலை என்று கேட்டார். சானடோரியம் பக்கம் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் திரைச்சீலைக்கும் படுக்கை விரிப்புக்கும் டிசைன் போடுவதாகவும், எந்தத் துணிக்குப் பக்கத்தில் எந்த ஓவியம் மாட்டினால் மேட்ச் ஆகும் என்று சொல்வதும் தன் வேலைதான் என்றும் அக்கா பதில் சொன்னார். வார்டன் மேடம் அதில் ஒரே ஒரு வார்த்தையைத்தான் எழுதிக்கொண்டார். அன்று சாயங்காலத்துக்குள் நாற்பது பேருக்கும் அவர் மேட்சிங் அக்கா ஆகிவிட்டார். நிஜப் பெயரைக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பதில்லை.

பெயர் பரவியதும் பெண்கள் புடவையும் கையுமாக எங்கள் அறைக்கு வரிசை கட்டினார்கள். ஜாக்கெட்டுக்கு மேட்சிங் சொல்லுங்கள் அக்கா என்று கேட்டு வந்தவர்கள் போகும்போது முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனார்கள். ஏனென்றால் அக்காவுக்கு உலகத்திலேயே பிடிக்காத விஷயம் மேட்சிங். சிங்கப்பெருமாள் கோவில் என்கிற ஊரில் நடந்த சித்தி மகள் கல்யாணத்துக்காக ஜெனிஃபர் ஒரு பச்சைப் பட்டு வாங்கி, அதே பச்சையில் ஜாக்கெட் துணியும் தேடி எடுத்து வந்தாள். அக்கா அந்த ஜாக்கெட் துணியை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டார். கோணிப்பைக்குள் தலையை விட்டு, செங்கல் நிறத்தில் கடுகளவு புள்ளி போட்ட ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தார்.

"ஒரே கலர்ல மேலயும் கீழயும் போட்டா அது மேட்சிங் இல்ல ஜெனி. யூனிஃபார்ம். நீதான் தினமும் ஆஸ்பத்திரிக்கு யூனிஃபார்ம் போட்டுட்டுப் போறியே. கல்யாணத்துக்குமா?"

ஜெனிஃபர் இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் வேறு வழியில்லாமல் அதையே தைத்துப் போட்டுக்கொண்டு போனாள். திரும்பி வந்து, தேவாலய வாசலிலேயே நான்கு பேர் தையல்காரர் யார் என்று கேட்டதாகச் சொன்னாள். அதில் ஒருவர் மாப்பிள்ளையின் அம்மாவாம். அதற்குப் பிறகு ஜெனிஃபர் அக்காவின் பக்தை.

என் பாடு அப்படி இல்லை. என் கட்டிலுக்கு மேலே மளிகைக்கடைக்காரர் கொடுத்த தினசரிக் காலண்டர் தொங்கியது. அதில் பெரிய தாமரை. அக்காவின் படுக்கை விரிப்பிலும் பெரிய பெரிய பூ. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்து தேதி பார்க்கப் போனால் காலண்டரைக் காணோம். வராந்தாவில், தீயணைப்பு வாளிக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. ஏன் என்று கேட்டேன். இரண்டு பேர் ஒரே நேரத்தில் கத்தினால் யார் பேசுவது காதில் விழும் என்று கேட்டார். சுவரில் இருப்பது பேசினால் துணி கேட்டுக்கொள்ள வேண்டுமாம். துணி பேசினால் சுவர் கேட்டுக்கொள்ள வேண்டுமாம். எனக்குத் தேதி தெரிய வேண்டும் என்பது இந்த உரையாடலில் எங்குமே வரவில்லை. இரண்டு வருடம் நான் ராகு காலம் பார்க்க வராந்தாவுக்குத்தான் போய் வந்தேன்.

அக்காவுக்கு டிசைன் எங்கிருந்து வரும் என்பது யாருக்கும் பிடிபடாத ரகசியம். சாப்பாட்டு மேசையில் யாரோ தக்காளி ரசத்தைக் கவிழ்த்துவிட்டார்கள். எல்லோரும் துணி தேடி ஓடினோம். அக்கா மட்டும் ஓடிவந்து, துடைக்க விடாமல் இரண்டு கையையும் நீட்டித் தடுத்து, ரசம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றார். ஆறு மாதம் கழித்து அது 'வெனிஸ் சன்செட்' என்ற பெயரில் மெத்தை விரிப்பாகி வெளிநாடு போயிற்று. தாம்பரம் ஸ்டேஷன் நடைமேடையில் சாக்கடை மூடியாகக் கிடக்கும் இரும்புக் கம்பித் தட்டு ஒன்று 'மொராக்கன் கார்டன்' என்ற குஷன் உறையாயிற்று. பெயரெல்லாம் கம்பெனி மானேஜர் வைப்பது. எங்கள் ரசத்தின் மேல் எந்த நாட்டுச் சீமாட்டி படுத்துத் தூங்குகிறாளோ என்று நினைத்தால் எனக்கே கொஞ்சம் பெருமையாக இருக்கும்.

ஹாஸ்டலில் எல்லோருமாக ஒரு முறை வண்டலூர் மிருகக்காட்சி சாலைக்குப் போனோம். புலி, முதலை என்று இத்தனை டிசைன் ஒரே இடத்தில் இருக்கிறதே, அக்கா பூரித்துப் போவார் என்று நினைத்தோம். வரிக்குதிரையைப் பார்த்து, இதை எல்லாரும் காப்பி அடித்து முடித்தாயிற்று என்றார். நீர்யானையைப் பார்த்து, "பிளெயின்" என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிட்டு நடந்தார். கடைசியில் பறவைக் கூண்டுக்கு முன்னால் நின்றவர் நின்றவர்தான். உள்ளே ஒரு மயில் எங்கள் அதிர்ஷ்டத்துக்குத் தோகையை விரித்து ஆட ஆரம்பித்தது. நாங்கள் போனைத் தூக்கினோம். அக்கா அந்த மயிலைப் பார்த்துக் கொஞ்சம் தள்ளி நிற்கும்படி கையால் சைகை காட்டினார். கூண்டின் முன் வலையும் பின் வலையும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து ஒரு கட்டம் உண்டாகியிருந்ததாம். மயில் அதை மறைத்துக்கொண்டிருந்தது.

இப்படிப்பட்டவர் ஒரு நாள் காலை தாம்பரம் ஸ்டேஷனில் ஒரு லுங்கியைப் பார்த்துவிட்டார்.

நானும் அவரும் சேர்ந்துதான் ஸ்டேஷனுக்குப் போவோம். அவருக்கு ஒரே ஸ்டேஷன் பயணம், எனக்குக் கிண்டி. அன்று சில்லறையை மட்டும் எடுத்துக்கொண்டு என் கைப்பையை அவரிடம் கொடுத்துவிட்டு, டிக்கெட் எடுத்துத் திரும்பினால் ஆளைக் காணோம். நடைமேம்பாலத்தில் என் கைப்பை போய்க்கொண்டிருந்தது. ஓடிப்போய்ப் பிடித்தபோது அக்கா செங்கல்பட்டு ரயிலில் ஒரு காலை வைத்துவிட்டார். அலுவலகத்துக்கு எதிர்த் திசை. ஏறாமல் என்ன செய்வது? பர்ஸ், போன், அறைச் சாவி, மத்தியானச் சாப்பாடு எல்லாம் அந்தப் பைக்குள் இருந்தது.

நான்கு இருக்கை தள்ளி, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு மனிதர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கதவோரம் நின்றிருந்தார். நீலக் கட்டம் போட்ட, வெளுத்துப்போன சாதாரண லுங்கி. அக்கா அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவர் கூடுவாஞ்சேரியில் இறங்கினார். அக்காவும் இறங்கினார். என் கைப்பையும் இறங்கியது. நானும் இறங்கினேன். அவர் திரும்பிப் பார்த்தார். நடையைக் கொஞ்சம் எட்டிப் போட்டார். நாங்களும் எட்டிப் போட்டோம். ஒரு சந்துக்குள் திரும்பினார், நாங்களும் திரும்பினோம். கடைசியில் ஒரு டீக்கடைக்குள் நுழைந்து, நாலு பேர் இருக்கிற தைரியத்தில் எங்களை நோக்கித் திரும்பி நின்றார்.

"இன்னாம்மா, தாம்பரத்துலேர்ந்து ரெண்டு பேரும் என் பின்னாலயே வந்துகினு கீறீங்க? இன்னா மேட்டரு?"

"ஒண்ணுமில்லண்ணா. உங்க லுங்கியை ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?"

டீக்கடையில் ஆற்றிக்கொண்டிருந்த டீ பாதியில் நின்றது. நான் எதிரே இருந்த மாரியம்மன் கோயில் கோபுரத்தை ஆராய ஆரம்பித்தேன்.

"லுங்கியவா?" என்றார் அவர். "நான் இல்லாமயா?"

"நீங்களும் இருக்கலாம்ணா. முட்டிக்குக் கீழ போதும்."

அக்கா விளக்கினார். லுங்கியை மடித்துக் கட்டும்போது உள்கட்டமும் வெளிக்கட்டமும் ஒன்றின் மேல் ஒன்று ஏறுகிறது. தினமும் அதே இடத்தில் மடிப்பதால் அங்கே மட்டும் வெளுத்து, நீலத்துக்கு உள்ளே ஒளிந்திருந்த ஊதா நூல் வெளியே எட்டிப் பார்க்கிறது. இதை எந்தத் தறியிலும் வேண்டுமென்று நெய்ய முடியாது. பல வருஷம் ஒருத்தர் கட்டினால்தான் வரும். அந்த மனிதர் குனிந்து தன் லுங்கியை முதல் முறையாகப் பார்ப்பதைப் போலப் பார்த்தார். கந்தலாகிவிட்டது, தூக்கிப் போடு என்று வீட்டில் தினமும் சண்டையாம். இன்றைக்குப் போய்ச் சொல்லிக்கொள்கிறேன் என்றார். பிறகு டீக்கடைக் கண்ணாடியில் பார்த்துத் தலையை நன்றாக வாரிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி நின்றார். அக்கா தரையில் உட்கார்ந்து முழங்காலுக்குக் கீழே பதினேழு படம் எடுத்தார். எங்கள் இரண்டு பேருக்கும் அவர்தான் டீ வாங்கிக் கொடுத்தார்.

அன்று நான் அலுவலகத்துக்கு இரண்டரை மணி நேரம் தாமதம். உறவினர் ஒருவரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகச் சொன்னேன். லுங்கி என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

அதிலிருந்து இரண்டு மாதம் அக்கா அந்த ஒரே வேலையில் மூழ்கினார். கட்டத்தின் மேல் கட்டம் ஏறி, இடையில் ஊதா எட்டிப் பார்க்கிற ஒரு திரைச்சீலைத் துணி. கீழே வர வர நிறம் கனத்துக்கொண்டே போகும். மாதிரித் துண்டை அவர் அறைக்குக் கொண்டுவந்து ஜன்னலில் மாட்டிய அன்று, நானும் ஜெனிஃபரும் விளக்கைக்கூடப் போடாமல் கட்டிலில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவ்வளவு அழகாக இருந்தது. ஆனால் மானேஜருக்கு அது எங்கிருந்து வந்தது என்று எப்படியோ தெரிந்துவிட்டது. லுங்கியை வெளிநாட்டுக்காரன் ஜன்னலில் தொங்கவிடுவானா என்று மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் கேட்டாராம். நந்தம்பாக்கத்தில் வீட்டலங்காரத் துணிகளின் கண்காட்சி வரப்போகிறது. அதில் கம்பெனி ஸ்டாலில் ஒரே ஒரு சுவரைத் தருகிறேன். அங்கே யாரும் நின்று பார்க்கவில்லை என்றால் டிசைன் வேலையை விட்டுவிட்டு பேக்கிங் பிரிவைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். அன்று அக்கா இரவுச் சாப்பாட்டுக்கு இறங்கி வரவில்லை. அவர் சோர்ந்து உட்கார்ந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அந்தச் சுவரில் துணிக்குப் பக்கத்தில் மாட்ட ஒரு ஓவியம் வேண்டும். கம்பெனியில் இருந்ததெல்லாம் கோபுரமும் பனிமலையும். அவை லுங்கியைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்கின்றன என்றார் அக்கா. படத்தில் ரொம்பக் கொஞ்சமாக இருக்கிற நிறம் எதுவோ அது துணியில் பெரிதாக வர வேண்டும், துணியில் ஒளிந்திருக்கிற நிறம் படத்தில் பெரிதாக வர வேண்டும், அப்போதுதான் இரண்டும் உறவுக்காரர்கள் என்று தெரியும் என்பது அவருடைய கணக்கு. ஊதா கொட்டிக் கிடக்கிற, நீலம் எங்கோ துளி இருக்கிற படம் ஒன்று வேண்டும். ஒரு வாரம் தேடினார். ஒரு காலையில் மாடிப்படியில் இறங்கி வந்தவர் பார்வையாளர் அறை வாசலில் அப்படியே நின்றுவிட்டார்.

அந்தப் படத்தை நாங்கள் தினமும் பார்த்திருக்கிறோம். பெற்றோர் வந்தால் உட்காரும் சோபாவுக்கு மேலே, நான்கடி அகலத்தில் ஒரு எண்ணெய் ஓவியம். மேல் பாதி முழுக்க ஊதாக் குவியல். கீழ்ப் பாதி மஞ்சளும் பொன்னும். அது என்ன என்பதில் ஹாஸ்டலில் நான்கைந்து கட்சிகள். நான் கத்திரிக்காய் மண்டி என்பேன். ஜெனிஃபர், கெட்டுப்போன கல்லீரல் என்பாள். ஹாஸ்டல் திறந்த அன்று ஓனரின் மனைவி அதைப் பார்த்து, வயலுக்கு மேலே மழை மேகம், எவ்வளவு தத்ரூபம் என்று சொன்னதாகச் சமையல் அக்கா சொல்வார். வார்டன் மேடத்திடம் கேட்டால், படத்தின் மேல் சாய்ந்து உட்காராதீர்கள் என்பது மட்டும்தான் பதிலாக வரும். சனிக்கிழமைதோறும் அதை அவரே பஞ்சு போன்ற துணியால் துடைப்பார்.

வார்டன் மேடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். குளியலறை வாளிகள் கைப்பிடி ஒரே திசையில் இருக்கும்படி வரிசையாக நிற்க வேண்டும். எட்டரை மணி என்றால் எட்டரை மணி. மெஸ் ஹாலின் திரைச்சீலையை அக்கா ஏற்கெனவே அனுமதி கேட்காமல் மாற்றியிருந்தார்; இன்னொரு முறை ஹாஸ்டல் சாமானில் கை வைத்தால் அறையைக் காலி செய்ய வேண்டியதுதான் என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கியிருந்தார் மேடம். அப்படிப்பட்டவரிடம் அக்கா போய், அந்தப் படத்தை இரண்டு நாளைக்கு என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

"ஹாஸ்டல் சாமான் கேட்டைத் தாண்டாது," என்றார் மேடம்.

தாண்டியது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை வார்டன் மேடம் குன்றத்தூரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய் ஞாயிறு சாயங்காலம் திரும்புவார். கண்காட்சியும் அந்தச் சனி, ஞாயிறு. அவர் பஸ் ஏறியதும் நாங்கள் மூன்று பேரும் படத்தை இறக்கி, 'வெனிஸ் சன்செட்' விரிப்பில் சுற்றி, தலைமாட்டில் அக்கா, கால்மாட்டில் ஜெனிஃபர், நடுவில் நான் என்று தூக்கிக்கொண்டு போனோம். பெண்கள் பெட்டியில் ஏறியதும் எல்லோரும் பயபக்தியோடு வழி விட்டார்கள். ஒரு அம்மா மட்டும், யாராவது உள்ளே இருக்கிறார்களா என்று மெதுவாகக் கேட்டார். பரங்கிமலையில் இறங்கி, மூன்று ஆட்டோக்காரர்கள் மறுத்து, நான்காமவர் மனம் இரங்கி, ஒரு வழியாக நந்தம்பாக்கம் போய்ச் சேர்ந்தோம்.

ஸ்டாலில் துணியைத் தொங்கவிட்டு, பக்கத்தில் படத்தை மாட்டினார் அக்கா. நிறம் நன்றாகத்தான் பொருந்தியது. ஆனால் அவருக்குத் திருப்தியில்லை. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து பத்து நிமிஷம் பார்த்தார். துணி கீழே கனக்கிறது, படம் மேலே கனக்கிறது, தலையில் மூட்டையை வைத்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கிறது என்று முணுமுணுத்தார். எழுந்து போய்ப் படத்தை இறக்கினார். தலைகீழாகத் திருப்பி, சணல் கயிறு கட்டி, மறுபடி மாட்டினார்.

என் கத்திரிக்காய்கள் கீழே இறங்கிவிட்டன. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. ஆனால் துணியின் அடியிலிருந்த ஊதா நடந்து போய்ப் படத்துக்குள் புகுந்துகொண்டதைப் போல இருந்தது. கதவு திறந்த அரை மணி நேரத்தில் ஒரு கணவன் மனைவி நின்றார்கள். பிறகு ஐந்தாறு பேர். அவர்கள் துணியைப் பார்க்கிறார்களா, படத்தைப் பார்க்கிறார்களா என்று சொல்ல முடியவில்லை. அதைத்தான் மேட்சிங் என்று சொல்வார்கள் என்று அக்கா என் காதில் சொன்னார். சாயங்காலம் மானேஜரே வந்து நின்று பார்த்துவிட்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு, கூட்டத்துக்கு நடுவே ஒரு கறுப்புக் குடை வருவதை ஜெனிஃபர்தான் முதலில் பார்த்தாள். தங்கை குடும்பம் ஏதோ விசேஷத்துக்குக் கிளம்பிவிட்டதால் மேடம் அன்று காலையிலேயே திரும்பியிருக்கிறார். சோபாவுக்கு மேலே வெறும் சுவர். சமையல் அக்காவை ஒரு பார்வை பார்த்திருக்கிறார். அவர் நந்தம்பாக்கம் வரை வழி சொல்லிவிட்டார்.

நாங்கள் மூன்று பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போல வரிசையாக நின்றோம். மேடம் எங்களைப் பார்க்கவே இல்லை. நேரே படத்துக்கு முன்னால் போய் நின்றார். குடையை மடித்து ஊன்றிக்கொண்டார். பார்த்துக்கொண்டே இருந்தார். அக்கா ஒரு அடி முன்னால் வந்தார்.

"மேடம், தப்பு என்னோடதுதான். இவங்களை ஒண்ணும் சொல்லாதீங்க. நான் ரூமைக் காலி பண்ணிடறேன்."

"யாரு உன்னைத் திருப்பி மாட்டச் சொன்னது?"

"யாரும் சொல்லல மேடம். துணி பக்கத்துல வெச்சா, இப்படித்தான் நிக்குது."

மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"இதான் சரி," என்றார். "சிட்லபாக்கம் ஏரி. ஆகாயத்தாமரை பூத்திருக்கு. காலைல ஆறு மணி வெயில். நான் வரைஞ்சது."

ஜெனிஃபர் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் மறுபடி படத்தைப் பார்த்தேன். கத்திரிக்காய்கள் எல்லாம் போய்விட்டன. கீழே தண்ணீர் முழுக்க ஊதாப் பூ. மேலே பொன் வானம். தூரத்தில் துளி நீலமாகப் பல்லாவரம் மலை. பதினோரு வருடமாக அந்த ஆகாயத்தாமரை பெயருக்கேற்றபடி ஆகாயத்திலேயே இருந்திருக்கிறது.

அப்புறம் ஸ்டால் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு மேடம் சொன்னார். ஹாஸ்டல் திறக்கும்போது வெறும் சுவராக இருக்கிறதே என்று தான் வரைந்ததை எடுத்து வந்திருக்கிறார். தச்சர் தலைகீழாக மாட்டிவிட்டார். அதைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் ஓனரின் மனைவி மழை மேகம் பிரமாதம் என்றுவிட்டார்; எல்லோரும் கை தட்டிவிட்டார்கள். மறுநாள் சொல்லலாம் என்று இருந்தார். மறுநாள் சொன்னால், ஏன் நேற்றே சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று தோன்றியது. அதற்கடுத்த நாள் இன்னும் கஷ்டமாகிவிட்டது. இப்படியே பதினோரு வருடம். வாளிக் கைப்பிடி கொஞ்சம் திரும்பியிருந்தால் பொறுக்காத மனுஷி, சனிக்கிழமைதோறும் தன் ஏரியைத் தலைகீழாகவே துடைத்துக்கொண்டிருந்திருக்கிறார். நாங்கள் அதற்குக் கீழேயே உட்கார்ந்து கல்லீரல், கத்திரிக்காய் என்று சிரித்திருக்கிறோம். ஜெனிஃபர் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தாள். மேடம் கையைக் காட்டி நிறுத்தினார். கல்லீரல் என்று சொன்னது யார் என்று தனக்குத் தெரியும் என்றார்.

அன்று கண்காட்சி முடிகிற வரை அவர் கிளம்பவில்லை. வந்தவர்களை வரிசையில் நிற்க வைத்தார். துணியைத் தொட்டுப் பார்த்தவர்களிடம் கை கழுவினீர்களா என்று விசாரித்தார். இப்படி விரட்டினால் யார் வாங்குவார்கள் என்று மானேஜர் பயந்தார். ஆனால் ஒரு வெளிநாட்டு அம்மாள் அந்த ஒழுங்கைப் பார்த்து அசந்துபோய், இவ்வளவு காவல் போட்டிருக்கிறார்கள் என்றால் விலையுயர்ந்த சரக்காகத்தான் இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, அந்தத் துணிக்கு ஆர்டர் கொடுத்துவிட்டார். படமும் வேண்டும் என்று கேட்டார். மேடம் முடியாது என்று தலையை ஆட்டினார்; படம் ஹாஸ்டல் சாமான். மானேஜர் துணிக்கு 'ஸ்காட்டிஷ் மிஸ்ட்' என்று பெயர் வைத்தார். அக்கா பேக்கிங் பிரிவுக்குப் போகவில்லை.

படத்தை ரயிலில் நாலு பேராகத் திருப்பிக் கொண்டுவந்து, பழைய கொக்கியைப் பிடுங்கி, சரியான பக்கத்தில் புதுசாக அடித்து மாட்டினோம். அடுத்த மாதம் ஓனரின் மனைவி வந்து பார்த்துவிட்டு, புதுப் படமா, பழசைவிட இது நன்றாக இருக்கிறது என்றார். "ஆமாம் மேடம்," என்றார் வார்டன் மேடம், முகத்தில் ஒரு கோடுகூட மாறாமல்.

அக்காவை அவர் காலி செய்யச் சொல்லவில்லை. ஆனால் சட்டம் சட்டம்தான். ஹாஸ்டல் சாமானைக் கேட்டுக்கு வெளியே கொண்டுபோன குற்றத்துக்காக எங்கள் மூன்று பேருக்கும் ஒரு மாதம் ஞாயிற்றுக்கிழமை சிக்கன் கிடையாது என்று அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டார். அக்கா சுத்த சைவம். தண்டனை முழுவதையும் நானும் ஜெனிஃபரும்தான் அனுபவித்தோம். அந்த நாலு ஞாயிறும் மேடமும் அக்காவும் காலையிலேயே கிளம்பிச் சிட்லபாக்கம் ஏரிக்கரைக்குப் போய்விட்டு, ஆளுக்கொரு நோட்டுப் புத்தகத்தோடு டிபன் நேரத்துக்குத் திரும்பி வந்தார்கள். மேடம் படம் வரைந்தாராம். அக்கா, கரையில் துவைத்துக் காயப்போட்டிருந்த யாருடைய பாவாடையையோ வரைந்தாராம்.

கம்பெனி ஈரோட்டில் புதுப் பிரிவு திறந்தபோது அக்காவை அங்கே அனுப்பிவிட்டார்கள். ஜெனிஃபருக்குக் கல்யாணம் ஆயிற்று. எனக்கும் ஆயிற்று. இப்போது ஊரப்பாக்கத்தில் ஃப்ளாட் வாங்கி, குடி வந்து ஆறு மாதம் ஆகிறது. ஹாலில் பெரிய ஜன்னல்; அதற்குத் திரைச்சீலை கிடையாது. பொங்கல் லீவுக்கு வருகிறேன், அதுவரைக்கும் நீயாக எதையும் வாங்கி மாட்டிவிடாதே என்று அக்கா போனில் சொல்லியிருக்கிறார். என் கணவருக்கு இதைச் சொல்லவில்லை. அவர் கேட்கும்போதெல்லாம் அளவெடுக்கிற ஆள் வரவில்லை, கடையில் ஸ்டாக் இல்லை என்று ஏதாவது ஒரு காரணம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எதிர் ஃப்ளாட்டில் இருக்கிறவர்களுக்கு நாங்கள் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறோம், என்ன சாப்பிடுகிறோம் என்பதெல்லாம் மனப்பாடமாகியிருக்கும்.

பார்க்கட்டும். பொங்கலுக்கு இன்னும் இரண்டு மாதம்தானே இருக்கிறது.